ஐந்தாவது டயர்

எங்கள் தெருவில் யாராவது புதிதாக ஒரு பொருள் வாங்கினால் அதைப் போர்வையால் மூடித்தான் வீட்டுக்குள் கொண்டுபோவார்கள். கண் திருஷ்டிக்குப் பயந்து அல்ல. என் எதிர் வீட்டுக்காரருக்குப் பயந்து. டிவி, மிக்ஸி, கட்டில், குழந்தைக்கு மூன்று சக்கர சைக்கிள் எதுவாக இருந்தாலும் சரி, அவர் கண்ணில் பட்டால் போச்சு. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு வருவார், குனிந்து பார்ப்பார், நிமிர்வார், “அடடா” என்பார். அந்த அடடாவுக்குப் பிறகு அந்தப் பொருளை வாங்கினவன் அன்று சந்தோஷமாகச் சாப்பிட்டதில்லை.

அவர் பெயரை எழுத எனக்கு இஷ்டமில்லை. முடிச்சூர் பக்கம் எங்கள் தெருவில் ஒன்பது வருடம் எனக்கு எதிரே குடியிருந்தார் என்பது போதும். நான் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கிறவன், எத்தனையோ மக்குகளையும் போக்கிரிகளையும் பார்த்தவன், யாரையும் மனதில் வைத்துக் கறுவுகிற ஆள் இல்லை. இவரை மட்டும் இன்றைக்கு வரைக்கும் மன்னிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் ‘நாங்கள் மன்னிக்கிறது போல’ என்கிற வரி வரும்போது என் வாய் சொல்லும், மனசு சொல்லாது.

மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் அவருக்கு முப்பது வருட சர்வீஸ். இன்ஸ்பெக்ஷன் வேலை. வார்த்து, கடைந்து, பாலிஷ் போட்டு, எல்லாம் முடிந்து வருகிற பாகத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் சிவப்பு சாக்பீஸால் மேலே ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஏன் குறை வந்தது, எங்கே வந்தது, வராமல் இருக்க என்ன செய்யலாம் என்பதெல்லாம் வேறு டிபார்ட்மெண்ட். ரிட்டயர் ஆன பிறகும் சட்டைப் பையில் ஒரு சிவப்பு சாக்பீஸ் வைத்திருந்தார். காலை நடையில் தெருவிளக்குக் கம்பத்தில் விரிசல் கண்டால் ஒரு குறி. கால்வாய் மூடி உடைந்திருந்தால் ஒரு குறி. கேஸ் சிலிண்டர் வந்து இறங்கினால், பணம் கொடுத்து ஆள் போன பிறகு, அதன் அடியில் ஒரு குறி.

வாங்குவதற்கு முன்னால் போய்க் கேட்டால் சொல்ல மாட்டார். இதுதான் அவருடைய விசேஷம். எது நல்லது சார், எதை வாங்கலாம் சார் என்று எவ்வளவு கெஞ்சினாலும் ஒரே பதில்தான். “உங்க இஷ்டம் சார்.”

தெருமுனை லோகநாதன் கதை எங்கள் பகுதியில் பிரசித்தம். ஒரு காலத்தில் இங்கே நெல் போட்ட குடும்பம், நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு, மிச்சம் வைத்த இடத்தில் ஆசையாக வீடு கட்டினார். அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து நம்மாள் தினமும் காலை நடையில் அங்கே பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் போவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை உறிஞ்சி முடித்துவிட்டுக் கேட்டார்.

“அடடா. லெவல் பாத்தீங்களா லோகநாதன்? அடுத்த தடவை ரோடு போட்டா தெரு ஒசந்துடும். அப்புறம் மழைத் தண்ணி நேரா உங்க ஹாலுக்குத்தான்.”

அடுத்த வருடமே ரோடு போட்டார்கள். தண்ணீர் நேராக ஹாலுக்குத்தான் வந்தது.

“கடக்கால் தோண்டச் சொல்லோ தெனம் வந்து பாத்துகினே நின்னான் சார் அந்தாளு,” என்று லோகநாதன் என்னிடம் பல்லைக் கடித்தார். “அப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டடி ஏத்திக் கட்டியிருப்பேன். வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தான்?”

அப்போது நான் சிரித்தேன். சில பேர் சுபாவம் அப்படி, விடுங்க என்று பெரிய மனுஷன் மாதிரி ஆறுதல் வேறு சொன்னேன். என் வீட்டுக்கு அது வரும்வரைக்கும் எனக்கென்ன?

என் மாமனார் எங்களோடு இருந்தார். என் மனைவி ஸ்டெல்லாவுக்கு அப்பா மட்டும்தான். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டதால் செவ்வாய், வியாழன், சனி குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். காலை ஒன்பது மணிக்கு அங்கே கட்டிலில் இருக்க வேண்டும். ஒரு தடவை தவறினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும், இரண்டு தடவை தவறினால் மூச்சு முட்டும். எங்கள் தெருவிலோ ஐப்பசி கார்த்திகையில் படகு விடலாம். தண்ணீர் வடிந்த பிறகுதான் நிஜமான கஷ்டம், கணுக்கால் ஆழத்துக்கு வழவழவென்று வண்டல் படிந்து கிடக்கும். ஆட்டோக்காரர்கள் தெருமுனையிலேயே கும்பிடு போட்டுவிடுவார்கள். அதற்காகத்தான் செகண்ட் ஹாண்டில் ஒரு குட்டி ஜீப் வாங்கினேன். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. மாமனார் அதற்கு ‘என் பல்லக்கு’ என்று பெயர் வைத்தார். பின் கதவில் உறை போட்டு ஸ்டெப்னி தொங்கும்.

வண்டியோடு வந்த டயர்கள் தார் ரோட்டு டயர்கள். முதல் மழையிலேயே வண்டலில் சுற்றிக்கொண்டு நின்றன. நான்கு பேர் தள்ளி வெளியே கொண்டுவந்தார்கள். டயரை மாற்றாமல் அடுத்த மழையைத் தாண்ட முடியாது என்று தெரிந்தது. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். ஒரு ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும், எதிரே தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

“சார், டயர் மாத்தப் போறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

துணியைப் பிழிந்தபடி கேட்டுக்கொண்டார். நான் பாடம் ஒப்பித்தேன். தார் ரோட்டு டயர் சத்தம் போடாது, ஆனால் சேற்றில் சறுக்கும். சேற்றுக்கென்றே வருகிற டயர் கட்டை கட்டையாக இருக்கும், சேற்றைக் கவ்வும், ஆனால் நனைந்த தார் ரோட்டில் பிரேக் போட்டால் சொன்ன இடத்தில் நிற்காது. இரண்டுக்கும் நடுவில் ஆல் டெரைன். அதில் ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் வண்டி கொஞ்சம் உயரும், தண்ணீருக்கு நல்லது. நாலையும் மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன், சரியா?

வண்டியைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு டயரையும் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். கடைசியாகப் பின்பக்கம் போய் ஸ்டெப்னியின் உறையை ஒரு பக்கமாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு உறையை விட்டார். அது டப்பென்று மூடிக்கொண்டது.

“நாலா?” என்றார்.

“நாலு சார்.”

“ம். உங்க இஷ்டம்.”

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முடிச்சூர் ரோட்டு டயர் கடைக்காரரும் என் பக்கம்தான். “அஞ்சாவது இன்னாத்துக்கு சார்? ஸ்டெப்னி சும்மா தொங்கிகினுதானே கீது. ஊர்ல எல்லாரும் நாலுதான் போட்றான்.” உண்மைதான். நம் ஊரில் ஸ்டெப்னிக்கு யார் புது டயர் வாங்குகிறார்கள்? ஸ்கூட்டர் காலத்திலிருந்து அப்படித்தான். இருப்பதிலேயே பழையது எதுவோ அதுதான் ஸ்டெப்னி. பழைய ஸ்டெப்னி பழைய சைஸிலேயே, உறைக்குள் பத்திரமாக, பின்னால் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. டயரைப் போர்வை போட்டு மூட முடியாது என்பதால் நேராக அவர் கண்முன்னால்தான் வந்து நின்றேன்.

வந்தார். குந்தி உட்கார்ந்தார். பக்கவாட்டில் இருக்கிற எழுத்து, எண் ஒன்று விடாமல் படித்தார்.

“அடடா. சத்தம் வரும் சார். அறுபதைத் தாண்டினா வண்டு மாதிரி ரீங்காரம் கேக்கும்.”

“பரவாயில்லை சார்.”

“மைலேஜும் அடி வாங்கும். அப்புறம், பெரிய சைஸ் போட்டுட்டீங்க இல்ல, மீட்டர் இனிமே கொறைச்சுத்தான் காட்டும். நீங்க அறுபதுன்னு நெனைச்சுட்டுப் போவீங்க, அதுக்கு மேல போயிட்டிருப்பீங்க.”

மூன்று குறை சொன்னார். மூன்றும் சரி. நான்காவது ஒன்று இருந்தது, அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். சத்தத்தையும் மைலேஜையும் இனி ஒன்றும் செய்ய முடியாது, பணம் கொடுத்தாயிற்று. ஸ்டெப்னியை மறுநாளே மாற்றிவிடலாம். திருத்த முடிகிற குறையை அந்த மனுஷன் சொல்லவே மாட்டார்.

அவர் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எல்லோருக்கும் அவர் அக்கா. அதிகம் பேச மாட்டார். டயாலிசிஸ் நாட்களில் உப்பில்லாத இட்லி நான்கு, சின்ன டப்பாவில் போட்டு எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார். அவர் அதைச் சொல்லிக் காட்டியதில்லை, நாங்கள் கேட்டு அவர் செய்ததும் இல்லை. “இந்தப் பொண்ணு எப்படி அந்தாளோட குடும்பம் நடத்துது?” என்று மாமனார் ஆச்சரியப்படுவார். மாமனாருக்கு எழுபது வயதுக்குக் கீழே எல்லோரும் பொண்ணுதான்.

அந்த வருடம் மழை வியாழன் ராத்திரியில் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை தெருவில் இடுப்பளவு தண்ணீர், ஆஸ்பத்திரிக்குப் போகவே முடியவில்லை. திங்கள் சாயங்காலம் வடிந்தது. செவ்வாய் காலை மாமனாரின் முகம் வீங்கியிருந்தது. படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். எப்படியும் ஒன்பதுக்குப் போய்விட வேண்டும், நாங்கள் வேறு எதையும் நினைக்கவில்லை.

ஏழரை மணிக்கு வண்டியை எடுக்கப் போனால் பின் சக்கரம் ஒன்று தரையோடு கிடந்தது. வெள்ளத்தில் வந்த ஆணி. ஸ்டெப்னியைக் கழற்றினேன். தூறலில் நனைந்துகொண்டு ஜாக்கி போட்டு மாட்டினேன். எதிரே அவர் குடை பிடித்துக்கொண்டு தன் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வாசல் கிரில்லுக்குள்ளிருந்து அவரிடம் என்னவோ சொன்னார். அவர் திரும்பாமலே தலையை மட்டும் இல்லையென்று ஆட்டினார். அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபமான பார்வை இல்லை அது. நனைந்து வீணாய்ப் போன மாவைப் பார்ப்பது போல ஒரு பார்வை. எனக்கு அதை யோசிக்க அப்போது நேரமில்லை.

கியரை நான்கு சக்கர இழுவைக்குத் தள்ளினேன். தெரு வண்டலை அந்தப் புது டயர்கள் அப்படிக் கவ்வின, வண்டி கத்தி மாதிரிப் போனது. “பல்லக்கு பல்லக்குதான் மாப்ள,” என்றார் மாமனார், மூச்சுக்கு நடுவில். பின் சீட்டில் ஸ்டெல்லா சிரித்தாள். நான் இரண்டு வாரம் படித்தது வீண் போகவில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது.

தார் ரோடு வந்ததும் பழையபடி இரண்டு சக்கரத்துக்கு மாற்றப் பார்த்தேன். லீவர் அசையவில்லை. இறுகிக்கொண்டிருந்தது. நேரமாகிறது, இப்படியே போய்விடலாம் என்று ஓட்டினேன். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல வண்டி திணறியது. வளைவுகளில் டயர் கத்தியது. கருகல் வாசனை வந்தது. தாம்பரம் வருவதற்கு முன்னால், நெரிசலுக்கு நடுவில், அடியில் டமார் என்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

முன்னாலும் பின்னாலும் லாரி, பஸ். மழை மறுபடியும் வலுத்தது. ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. ஸ்டெல்லா நடு ரோட்டில் நின்று ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியையும் தட்டினாள். “பதறாதீங்க மாப்ள... பதறாதீங்க,” என்று மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல்கள் சில்லென்றிருந்தன. ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. நேராக ஐசியூவுக்குத்தான் கொண்டுபோனார்கள். ஆறு நாள்.

பிழைத்து வந்தார். ஆனால் அந்த மனுஷர் அதற்குப் பிறகு தானாக எழுந்து நடக்கவில்லை, பல்லக்கு என்றும் சொல்லவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குத் தாமதமானதால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. நானும் அப்படி எழுத மாட்டேன். ஸ்டெல்லா மட்டும் ஒரு தடவை கேட்டாள், ஒரு டயர்தானே, அதையும் வாங்கியிருந்தால் என்ன என்று. ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

அந்த மழை வாரத்திலேயே, வண்டியை இழுத்து வந்து வாசலில் விட்ட மெக்கானிக்தான் விஷயத்தைச் சொன்னார். “மூணு சக்கரம் பெர்சு, ஒண்ணு சின்னது சார். சின்னது வேகமா சுத்தும், பெர்சு மெதுவா சுத்தும். சேத்துல ஓடச் சொல்லோ சறுக்கி சமாளிச்சிக்கும். தார் ரோட்ல ஃபோர் வீல் போட்டா உள்ள ஒண்ண ஒண்ணு இஸ்துகினு கெடக்கும். எது வீக்கோ அது பூடும். ஸ்டெப்னியும் அதே சைஸ் போட்டிருக்கணும். யாருமே சொல்லலியா?”

அவர் போனதும் எதிர் கேட் திறந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். ஸ்டெப்னிச் சக்கரத்தின் முன்னால் குனிந்தார். நிமிர்ந்தார்.

“அடடா. இந்த சைஸ் ஸ்டெப்னியை மாட்டிட்டு ஃபோர் வீல்ல போகவே கூடாது சார்.”

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“முப்பது வருஷ சர்வீஸ் சார். தெரியாமலா?”

“நான் வந்து கேட்டேனே! உறையைத் தூக்கிப் பாத்தீங்களே! அன்னிக்குக் காலைல நான் மாட்டும்போது குடை புடிச்சுகிட்டு நின்னீங்களே! ஏன்யா சொல்லல?”

அவர் கோபப்படவில்லை. தலை கவிழவும் இல்லை. வகுப்பில் புரியாத பையனுக்கு நான் விளக்குவேனே, அதே நிதானத்தோடு விளக்கினார்.

“நான் சொல்லியிருந்தா அஞ்சாவதையும் வாங்கியிருப்பீங்க. ஒண்ணும் ஆகியிருக்காது. ஒண்ணும் ஆகலேன்னா நான் சொன்னது சரின்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? இந்தாளு பேச்சைக் கேட்டு தண்டச் செலவு பண்ணிட்டோம்னுதானே நெனைப்பீங்க?”

அடித்திருப்பேன். ஸ்டெல்லா வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து அவரோடு பேச்சு இல்லை. வெறுப்பது என்றால் என்ன என்று எனக்கு அந்த வருடம்தான் தெரிந்தது. காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் அவரை ஒரு தடவை திட்டுவேன். அவர் இருமினால்கூட எனக்கு எரியும். அக்கா மட்டும், மாமனார் இருந்தவரை, வழக்கம் போல இட்லி டப்பாவை மாட்டிவிட்டுப் போனார். ஸ்டெல்லா கழுவித் திருப்பிக் கொடுப்பாள்.

மாமனார் போய் இரண்டு மாதம் கழித்து அவர்கள் கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போவதாகச் செய்தி வந்தது. தெருவே மூச்சுவிட்டது. சாமான் ஏற்ற லாரி ஒரு சனிக்கிழமை காலை வந்தது. அதற்கு இடம் விட முந்தின சாயங்காலம் அவர் காரைத் தள்ளி நிறுத்தியபோது முன் சக்கரம் கால்வாய் மூடியின் விளிம்பில் இடித்தது. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

காலை ஏழு மணிக்கு பேப்பரோடு வாசலில் உட்கார்ந்தேன். காரின் இடது பக்கம் என் வீட்டைப் பார்த்து நின்றது. இடது முன் டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். டயர் விஷயத்தில் அந்த ஏழெட்டு மாதத்தில் நான் படித்தது கொஞ்சம் இல்லை. உள்ளே நூல் அறுந்திருக்கிறது. ஊருக்குள் ஓடும். ஹைவேயில் சூடேறி நூறில் போகும்போது வெடிக்கும். அவர் அந்தப் பக்கம் வரவே இல்லை. ஊரில் உள்ளவன் டயரையெல்லாம் குந்தி உட்கார்ந்து பார்த்தவர், தன் டயரைப் பார்க்கவில்லை.

சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். காபி வரட்டும் என்று நினைத்தேன். காபி குடித்தேன். கட்டில் ஏறியது, பீரோ ஏறியது. ஸ்டெல்லா போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு வந்தாள். நான் பேப்பரில் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு அந்த வீக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது இதமாக இருந்தது, அதை நான் மறுக்கப் போவதில்லை. லாரி போயிற்று. மணி பத்து. அவர் ஏறினார். அக்கா முன் சீட்டில், இடது பக்கம், அந்த டயருக்கு நேர் மேலே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். கார் நகர்ந்தது.

“நிறுத்துங்க!” என்று ஓடினேன். “இடது டயர்ல வீக்கம் இருக்கு, நிறுத்துங்க!”

நிறுத்தினார். இறங்கிச் சுற்றி வந்தார். குந்தி உட்கார்ந்து கட்டை விரலால் அந்த வீக்கத்தை அழுத்திப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்பு சாக்பீஸை எடுத்து அதன் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எப்ப பாத்தீங்க சார்?”

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

“காலையில. ஏழு மணிக்கு.”

சிரித்தார். ஒன்பது வருடத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அந்த ஒரு தடவைதான். ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் வெளியூரில் சந்தித்துக்கொண்டால் சிரிப்பார்களே, அப்படி. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ஸ்டெப்னியை அவரே எடுத்து மாட்டினார். அவருடைய ஸ்டெப்னி புதியது, மற்ற நாலும் என்ன சைஸோ அதே சைஸ். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா கண்ணாடியை இறக்கினார்.

“ஏழு மணியிலேருந்தா தம்பி?” என்றார்.

அன்றைக்குத் தூறலில், கிரில்லுக்குள்ளிருந்து கணவர் முதுகைப் பார்த்த அதே பார்வையை என் மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டார்.